மேல்வீட்டு ஜனங்கள்

தேஜான், தென்கொரியா, மார்ச் 5

1004-ஆம் எண் வீட்டு அம்மா அவர்களுக்கு,

உங்கள் காலுக்குக் கீழே ஒரு மனுஷி குடியிருக்கிறாள் என்பதை நினைவூட்டவே இந்தக் கடிதம். என் பெயர் மேங் ஹேரியான். 904-இல் இருக்கிறேன். பரீட்சைப் பிள்ளைகளுக்கு இணையத்தில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். வீட்டிலேயே ஓர் அறையில் மைக் வைத்துப் பாடம் பதிவு செய்கிறேன். நான் வாயைத் திறக்கக் காத்திருந்தது போல மேலே தொம் தொம் என்று குதிகால் சத்தம் தொடங்கிவிடுகிறது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து எனக்கே அந்தப் பாடம் வெறுத்துவிட்டது.

நேரில் வந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் இருந்தேன். நிர்வாக அலுவலகத்தில் தடுத்துவிட்டார்கள். "கதவைத் தட்டினா கேஸ் உங்க மேலதான் திரும்பும். எழுதி அவங்க தபால் பெட்டியில போடுங்க" என்றார்கள். ஆகவே எழுதுகிறேன்.

இத்துடன் அடிப்பாகம் தடித்த வீட்டுச் செருப்பு மூன்று ஜோடி இருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டே பேர் என்று சொன்னார்கள். இரண்டு பேர் இத்தனை சத்தம் போட முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றாவது ஜோடியை அந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

மேங் ஹேரியான்


மார்ச் 8

கீழ்வீட்டு ஆசிரியை அவர்களுக்கு,

செருப்பு வந்தது. நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன். மேல்வீட்டுக்குச் செருப்பு அனுப்பினால் 'சத்தமில்லாமல் நட' என்று அர்த்தம், அது எனக்கும் தெரியும் என்பதால் சொல்லவில்லை.

போன வருஷம் நாங்கள் குடிவந்த அன்று, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் வழக்கப்படி, சிவப்புப் பயறு தூவிய அரிசிப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன். கதவைத் திறக்காமலே, "மாட்டிட்டுப் போங்க" என்றீர்கள். பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் குப்பை போடப் போனபோது அது உணவுக்கழிவு வாளியில் கிடந்தது, பையோடு. பிடிக்காமல் போயிருக்கலாம் என்று அப்போதே மறந்துவிட்டேன். அதாவது, மறந்துவிட்டதாக நினைத்தேன்.

என் பெயர் தாக் மிசுக். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வீட்டில் நானும் என் மகள் தாரேயும் மட்டும்தான். பள்ளி முடித்துவிட்டு, நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்கு மூன்றாவது வருஷமாக உட்கார்ந்து படிக்கிறாள். வந்த வாரமே கூடம் முழுக்கப் பஞ்சுப் பாய் விரித்தோம். நாற்காலிக் கால்களுக்கு டென்னிஸ் பந்து மாட்டியிருக்கிறோம். பூண்டு இடிக்க வேண்டும் என்றால்கூட உரலைத் தூக்கிக்கொண்டு என் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாரே உங்கள் மாணவி. "மேங் டீச்சர் நமக்குக் கீழ்வீடும்மா, அவங்க பேசறது தரையில காது வெச்சா கேக்கும் போல" என்று பூரித்துப்போனாள். உங்களுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்று என்னைவிட அவள்தான் பார்த்துப் பார்த்து நடக்கிறாள்.

இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டோம். மூன்றாவதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இல்லாத ஆளுக்குச் செருப்பு எதற்கு?

தாக் மிசுக்


ஏப்ரல் 2

தாரே அம்மாவுக்கு,

உருக்கமாக எழுதியிருந்தீர்கள். உங்கள் உருக்கத்துக்குச் சத்தத்தை நிறுத்தும் சக்தி இல்லை.

நேற்று நேரலையில் பாடம் போய்க்கொண்டிருக்கும்போதே தொம். "டீச்சர், வீடு இடியுதா?" என்று ஒருத்தி எழுதினாள். "டீச்சரோட காதலன் கதவைத் தட்டறார்" என்று ஒருவன். இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறவளுக்கு இந்தப் பேச்செல்லாம் கேட்க வேண்டும் என்று தலையெழுத்து.

இனிமேல் உங்களிடம் கெஞ்சப்போவதில்லை. எனக்கும் வாய் இருக்கிறது, கேட்க ஆயிரக்கணக்கான காதுகளும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பதினேழாம் பாடம். உங்கள் மகளைத் தவறாமல் கேட்கச் சொல்லுங்கள்.

மேங் ஹேரியான்


ஏப்ரல் 7

ஆசிரியை அவர்களுக்கு,

கேட்டோம். தாரே சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் பயறு முளைகளின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் வினையடை என்று பலகையில் தலைப்புப் போட்டீர்கள். நாம் 'மேல்வீட்டு ஜனங்கள்' என்று 'மேலே' இருப்பதை முதலில் சொல்லிவிட்டு ஜனங்களுக்கு வருகிறோம், ஆங்கிலக்காரன் ஜனங்களை முதலில் நிறுத்திவிட்டு 'மேலே' என்பதைக் கொண்டுபோய் அவர்கள் முதுகில் ஒட்டுகிறான் என்றீர்கள். த பீப்பிள் அப்ஸ்டேர்ஸ். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். எனக்கே புரிந்தது.

அப்புறம் உதாரணங்கள். மேல்வீட்டு ஜனங்களுக்கு நாகரிகம் இல்லை. மேல்வீட்டுப் பெண் யானை போல நடக்கிறாள். மேல்வீட்டுப் பெண் மூன்றாம் தடவையும் தோற்பாள்.

எல்லாரும் என்னோடு சேர்ந்து உரக்கச் சொல்லுங்கள் என்றீர்கள். தாரே முதல் வாக்கியத்தைச் சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள், கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். மூன்றாவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

மூன்றாவது வருஷம் என்பதை உங்களுக்குச் சொன்னது நான். கோபம் தணியட்டும் என்று நம்பி எழுதியது. அதை எடுத்துப் பலகையில் போட்டுவிட்டீர்கள். இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன், அந்த மூன்றாவது வாக்கியத்தை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

தாக் மிசுக்


ஏப்ரல் 12

தாரே அம்மாவுக்கு,

பெயர் சொன்னேனா? வீட்டு எண் சொன்னேனா? உதாரண வாக்கியத்துக்கு எந்தச் சட்டமும் கிடையாது. இலக்கணப் புத்தகங்களில் எத்தனையோ ஜான்கள் எத்தனையோ மேரிகளை ஏமாற்றியிருக்கிறார்கள். ஒரு மேரியும் வந்து பதிப்பாளரின் சட்டையைப் பிடிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாது, அந்தப் பாடம் வந்தால் வகுப்பே கொட்டாவி விடும். முன்னே உள்ள பாதை, நேற்றைய கூட்டம், வீடு நோக்கிய பயணம் என்று வருஷா வருஷம் அதே சவசவ உதாரணங்கள். இப்போது ஒருவனும் மறக்கமாட்டான். பேருந்தில் போகும்போது பிள்ளைகள் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார்களாம். என் பாடத்தை இந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டு, தலைக்குச் சாயம் பூசிய பொடியன் ஒருவனை உட்காரவைக்க, பாடங்களை வெளியிடும் நிறுவனத்தில் முடிவு செய்திருந்தார்கள். இப்போது என்னிடமே இன்னொரு தொடர் கேட்கிறார்கள். உங்கள் குதிகாலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வாக்கியம் எதையும் எடுக்கமாட்டேன். முதலில் நீங்கள் சத்தத்தை நிறுத்துங்கள், பிறகு யோசிக்கலாம்.

மேங் ஹேரியான்


ஜூலை 20

ஆசிரியை அவர்களுக்கு,

மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது முடியவில்லை.

உங்கள் பாடத்தில் ஜன்னல் வழியே தெரியும் தண்ணீர்த் தொட்டியை வைத்து யாரோ ஒரு கெட்டிக்காரப் பிள்ளை நம் கட்டடத்தையும், நீங்கள் எந்த மாடி என்பதையும் கண்டுபிடித்திருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வாசலுக்குப் பொட்டலம் பொட்டலமாகச் செருப்பு வருகிறது. பூசானிலிருந்து, குவாங்ஜூவிலிருந்து, எந்த ஊர் என்றே தெரியாத ஊர்களிலிருந்து. ஒன்றில் யானைப் பொம்மை இருந்தது. இன்னொன்றில் "அக்கா, நாலாவது தடவைக்கும் வாழ்த்துகள்" என்று எழுதிய அட்டை. அதை நான் பார்ப்பதற்கு முன் தாரே பிரித்துவிட்டாள்.

உங்கள் வகுப்பை அவள் நிறுத்திவிட்டாள். அது போகட்டும். வீட்டில் நுனிக்காலில் நடக்கிறாள். நூலகத்திலும், கடைவீதியிலும், என் கூட வரும்போதும் நுனிக்கால்தான். குதிகாலைத் தரையில் வைக்கச் சொன்னால் வைக்கிறாள், நாலு அடி போனதும் தானாக எழும்பிவிடுகிறது. கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. எலும்பு வைத்தியர் அழுத்திப் பார்த்துவிட்டு, "பாலே ஆடறீங்களா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

பராமரிப்புக்காரர் பியோவை வரவழைத்தேன். நானும் தாரேயும் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதும் தொம் என்று கேட்டது. பியோ உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்த விஷயம் உங்களுக்கே தெரியும். உங்கள் தண்ணீர்க் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு தேய்ந்துவிட்டதாம். உங்கள் துணி மெஷின் தண்ணீரை நிறுத்தும்போதெல்லாம் உங்கள் சுவருக்குள்ளேயே குழாய் அடிக்கிறதாம். எங்கள் குதிகால் இல்லை. எங்கள் வீடே இல்லை.

நடந்ததை விட்டுவிடுகிறேன். வால்வை மாற்றுங்கள். ஏதாவது ஒரு பாடத்தில், "அது மேல்வீடு இல்லை" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். தாரே காதால் கேட்க வேண்டும். அவள் மறுபடி தரையில் கால் பதித்து நடந்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

தாக் மிசுக்


ஜூலை 24

தாரே அம்மாவுக்கு,

பியோ சொன்னார், கேட்டுக்கொண்டேன். குழாய் பார்க்கிறவருக்கு எல்லாமே குழாயாகத்தான் தெரியும்.

உங்கள் மகளின் கால் வலி வருத்தமாக இருக்கிறது. அதற்காக, பரீட்சைக்கு இன்னும் சில மாதம் இருக்கையில், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முன்னால் போய் நின்று "மன்னிக்கணும், அது என் துணி மெஷின்" என்று சொல்லிக் கோமாளி ஆகச் சொல்கிறீர்களா? நான் மாட்டேன். பரீட்சை முடிந்தால் எல்லாரும் மறந்துவிடுவார்கள். உங்கள் மகளும் கொஞ்சம் தோல் தடித்து வளர வேண்டும். உலகம் பஞ்சுப் பாய் விரித்து வைத்திருக்கவில்லை.

மேல்வீடு இல்லை என்று அவ்வளவு உறுதியாக இருந்தால் நிரூபியுங்களேன்.

மேங் ஹேரியான்


அக்டோபர் 18

மதிப்புக்குரிய மேங் ஆசிரியை அவர்களுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. தொண்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் பேசிப் பிழைக்கிறவர்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், தாரேக்கு உங்களை விட்டால் வேறு ஆசிரியை சரிப்படவில்லை. மறுபடியும் உங்கள் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பரீட்சைக்கு முன்னால் நீங்கள் நடத்தும் கடைசி நேரலைப் பாடம் எப்போது என்று தெரிந்தால், அன்று நாங்கள் எப்படி நடந்துகொள்வது என்று திட்டம் போட்டுக்கொள்வோம்.

தாக் மிசுக்


அக்டோபர் 21

அன்புள்ள தாரே அம்மாவுக்கு,

இப்போதாவது புரிந்துகொண்டீர்களே. படிக்கிற பிள்ளையின் அம்மாவுக்கு இப்படித்தான் மனது விரிய வேண்டும்.

நவம்பர் 3, ஞாயிறு, பகல் மூன்று மணி. எட்டாயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பதினேழாம் பாடத்தைத் திரும்ப நடத்தச் சொல்லித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நிறுவனத்து மேலாளரும் அன்று கூட இருந்து பார்க்கிறார். அடுத்த வருஷ ஒப்பந்தம் அன்றைக்குத்தான் முடிவாகும்.

ஞாயிறு என்பதால் நீங்கள் இருவரும் வீட்டில்தானே இருப்பீர்கள்? வழக்கம்போல் இருங்கள், ஒன்றும் சிரமப்பட வேண்டாம். பிள்ளைகளும் எதிர்பார்க்கிறார்கள்.

மேங் ஹேரியான்


நவம்பர் 4

தாரே அம்மாவுக்கு,

நேற்று நீங்கள் செய்தது மனுஷர்கள் செய்யும் காரியம் இல்லை.

பாடம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் வந்தது. நான் வழக்கம்போல் கண்ணை உருட்டிக் கையை மேலே காட்டினேன். பிள்ளைகள் எல்லாரும் திரை நிறைய எழுதினார்கள், த பீப்பிள் அப்ஸ்டேர்ஸ் என்று. அப்போதுதான் உங்கள் மகளின் பெயர் வந்தது. முழுப் பெயர், வீட்டு எண்ணோடு. "டீச்சர், மேல்வீட்டுப் பெண் நான்தான். இப்ப நானும் அம்மாவும் கீழே விளையாட்டுத் திடல்ல இருக்கோம். பாருங்க."

கூடவே ஒரு நேரலை வீடியோவின் இணைப்பு. எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீங்கள் இருவரும் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊஞ்சலில் உட்கார்ந்து சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருக்கிறீர்கள். அதே வீடியோவில் மூலையில் ஒரு சின்னச் சதுரம். உங்கள் கூடத்தில் இன்னொரு போனை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். காலிக் கூடம். பஞ்சுப் பாய். டென்னிஸ் பந்து மாட்டிய நாற்காலி. அந்த நேரம் பார்த்து என் மைக்கில் மறுபடி தொம்.

ஒரு பிள்ளைதான் முதலில் எழுதினான். நோபடி அப்ஸ்டேர்ஸ். மேலே ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகு எட்டாயிரம் பேரும் அதையே எழுதினார்கள். வினையடையைச் சரியான இடத்தில் வைத்து, ஒரு பிழை இல்லாமல். இருபது வருஷத்தில் எந்த வகுப்பும் அந்தப் பாடத்தை அவ்வளவு ஒழுங்காகப் படித்ததில்லை.

மேலாளர் எழுந்து போய்விட்டார். ஒப்பந்தம் அந்தச் சாயத்தலையனுக்குப் போய்விட்டது. இன்று காலை கதவைத் திறந்தால் என் வாசலில் செருப்புப் பொட்டலங்கள். உங்களுக்கு வந்ததைவிட அதிகம்.

வால்வை இன்றே மாற்றிவிட்டேன். பியோவைக் கேட்டுப் பாருங்கள். அந்த வீடியோவை மட்டும் எடுத்துவிடுங்கள், தாரே அம்மா. எனக்கும் வயதாகிறது, இதை விட்டால் வேறு தொழில் தெரியாது. பரீட்சையில் நன்றாக ஒட்டிக்கொண்டு தேறட்டும் என்று தாரேக்கு ஒட்டரிசிப் பலகாரம் வைத்திருக்கிறேன். நல்ல கடையில் வாங்கியது.

ஒன்று மட்டும் புரியவில்லை. அந்த நேரத்தில் சத்தம் கட்டாயம் வரும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

மேங் ஹேரியான்


நவம்பர் 15

மேங் ஆசிரியை அவர்களுக்கு,

பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தேன். நேற்று முடிந்தது. இப்போது ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

சத்தம் வரும் என்று எனக்குச் சொன்னது நீங்கள்தான். செப்டம்பரில் ஒரு நாள் குளியலறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் குளியலறைக்கும் எங்கள் குளியலறைக்கும் ஒரே காற்றுக்குழாய். நீங்கள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். "மேல்வீடு இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். மெஷின்ல துணியைப் போட்டுட்டுத்தான் பாடத்துக்கே உக்காருறேன். சத்தம் வரலைன்னா பசங்களுக்குச் சப்புனு போயிடுது" என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். பக்கத்து அறையில் என் மகள் நுனிக்காலில் நடந்து போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்கும்வரை உங்களை மன்னிக்க எனக்கு மனது இருந்தது. பிரஷைக் கீழே வைத்தபோது அது இல்லை.

வீடியோவை எடுக்கமாட்டோம். அதில் உங்கள் வீட்டு எண் இல்லை. இருப்பதெல்லாம் எங்கள் எண், எங்கள் பெயர், எங்கள் காலிக் கூடம். இதற்கும் சட்டம் எதுவும் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். ஊஞ்சலில் உட்காரும் யோசனை தாரேயுடையது. "வெறும் காலோட இருக்கணும்மா, அப்பத்தான் நல்லா தெரியும்" என்றாள்.

பலகாரம் வந்தது. உணவுக்கழிவு வாளியில் போட்டுவிட்டோம். பையை மட்டும் தனியே எடுத்து, கழுவி, பிளாஸ்டிக் பிரிவில் போட்டோம். மேல்வீட்டு ஜனங்களுக்கு நாகரிகம் உண்டு.

எப்படி எழுதினாய் என்று தாரேயிடம் நான் கேட்கவில்லை. முடிவு டிசம்பரில் வரும். தேறலாம், தேறாமலும் போகலாம், அது அவள் பாடு. நேற்று மாலை வீட்டுக்கு வந்ததும் பையை வைத்துவிட்டு, கூடத்துப் பஞ்சுப் பாயை ஒரு முனையிலிருந்து சுருட்டத் தொடங்கினாள். எதற்கு என்று கேட்டேன். சுருட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வெறுந்தரையில் சமையலறைவரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். குதிகால் பதித்து. நான் கையில் துண்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அந்தக் குதிகால் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும்.

நாளை சனிக்கிழமை. எங்கள் வீட்டில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிறோம். கல் உரல் அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பத்து மணிக்குப் பூண்டு இடிக்கத் தொடங்குவோம், அக்காவும் அவள் மருமகள்களும் வருகிறார்கள். பட்டப்பகல்தான், தடையில்லை என்று அலுவலகத்தில் கேட்டுவைத்திருக்கிறேன். இனி வாராவாரமும் இங்கேயேதான் இடிப்பேன்.

உங்கள் குழாயைத்தான் சரிசெய்துவிட்டீர்களே. ஆகையால் இனிமேல் மேலே சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம், அது நாங்கள்தான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மேல்வீட்டு ஜனங்கள்